மருந்து இலவசம், கிளினிக் நாள் இலவசமில்லை

(உலக காசநோய் தினத்தை ஒட்டி, தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்பக் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழு ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அந்த நாளிலும் விறகு பொறுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், டவுனுக்குப் போய் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் உட்காருகிற இந்தக் குட்டிக் கதிரைகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி சொல்கிறோம்.

இன்றைக்கு இரண்டு நோய்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஒன்று காசநோய். டி.பி. என்றும் சயரோகம் என்றும் நீங்கள் சொல்வது. மற்றது எச்.ஐ.வி., அதாவது எயிட்ஸ் நோய்க்குக் காரணமான கிருமி. இரண்டுக்கும் நமது நாட்டில் நல்ல மருந்து இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் ஒரு சதம் கட்டாமல் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஆட்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள். ஏன்? அதைத்தான் பேசப் போகிறோம். மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால், எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்லி ஆரம்பிப்பதுதான் முறை.

நாங்கள் செய்த பிழை

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் நடந்தது. பேரும் தோட்டமும் சொல்ல மாட்டோம். அந்தத் தங்கச்சியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதைச் சொல்கிறோம்.

கொழுந்து எடுக்கிற பெண். முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள். இரண்டு மாதமாக இருமல், சாயந்தரம் சாயந்தரம் காய்ச்சல், ஆள் இளைத்துப் போய்விட்டார். சளியைப் பரிசோதித்ததில் டி.பி. என்று தெரிந்தது. மருந்து தொடங்கியாயிற்று. அடுத்த தவணைக்கு மார்பு நோய் கிளினிக்குக்குப் போக வேண்டும். கங்காணி அன்றைக்கு அவரை வேலைக்கு எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காக, எங்கள் ஆள் ஒருவர் காலையில் பிரட்டுக்களத்துக்குப் போனார். நல்ல எண்ணத்தோடுதான் போனார். எல்லாரும் நிற்கிற இடத்தில் பேரை வாசித்து, "இவங்க டி.பி. கிளினிக்குக்குப் போகணும், பேர் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பீலியடியில், "நீ கடைசியில தண்ணி புடி" என்றார்கள். கடையில் தேத்தண்ணிக்கு வேறு கிளாஸ். பிள்ளைக் காம்பராவில் அவருடைய சின்னப் பிள்ளையை மூலையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குளிசையோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வேறு மாவட்டத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் மூன்று கிழமை கழித்துத்தான் தேடிப் போனோம். அவருடைய அம்மா வாசலிலேயே நின்று, "மகளுக்கு இருமல் நின்னுருச்சுங்க, இனி நீங்க வரவேணாம்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. குற்றம் அந்த அம்மாவுடையது அல்ல. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அது எங்கள் இரண்டாவது பிழை. அந்த ஊர்க் கிளினிக்குக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து அந்தத் தங்கச்சி இரத்தம் இரத்தமாக இருமி வைத்தியசாலைக்கு வந்தார். கூடவே மூன்று வயதுப் பிள்ளைக்கும் கழுத்தில் கட்டி. பிள்ளைக்கும் டி.பி.

அவர்கள் கதை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். மருந்து இருந்தது, வைத்தியர் இருந்தார், கிளினிக் இருந்தது. ஆனாலும் தாயும் பிள்ளையும் அந்த நிலைமைக்கு வந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

டி.பி. எப்படி வருது?

டி.பி. செய்வினையால் வருவதில்லை. பரம்பரையாக வருவதும் இல்லை. அது ஒரு கிருமி. ஜெர்மனி நாட்டு வைத்தியர் றொபேட் கொக் 1882 மார்ச் 24ஆம் திகதி அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலக காசநோய் தினம்.

சுவாசப் பையில் நோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, சத்தமாகப் பேசும்போது கிருமி காற்றில் கலக்கிறது. கதவு யன்னல் பூட்டிய இடத்தில் அது நெடுநேரம் காற்றிலேயே நிற்கும். அந்தக் காற்றைப் பல நாள் சுவாசிக்கிறவருக்குத் தொற்றுகிறது. தட்டு, கோப்பை, துணி, பீலித் தண்ணீர் இவற்றால் தொற்றாது. அந்தத் தங்கச்சிக்குத் தனிக் கிளாஸ் கொடுத்ததால் யாருக்கும் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. மனசு நொந்ததுதான் மிச்சம்.

தொற்றிய எல்லோருக்கும் நோய் வராது. நூறு பேருக்குத் தொற்றினால், வாழ்நாளில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் நோயாக மாறும். மற்றவர்கள் உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். உடம்பு பலம் குறைந்தால் அது விழித்துக்கொள்ளும். சாப்பாட்டுக் குறைவு, சீனி வருத்தம், புகை, கசிப்பு, இவையெல்லாம் அதை எழுப்புகிறவை. எல்லாவற்றிலும் கூடுதலாக எழுப்புவது எச்.ஐ.வி.

நம்முடைய லயத்துக் காம்பராக்களை உங்களுக்கே தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி. பின்னுக்குப் பின் ஒட்டிக் கட்டியது. குளிருக்கு யன்னலை அடைத்துவிடுகிறோம். அடுப்புப் புகை உள்ளேயே சுற்றுகிறது. ஒரு காம்பராவில் ஆறு பேர், ஏழு பேர். ஒருவர் இருமினால் எல்லோரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். புது வீடு கிடைக்கும் வரைக்கும் நாங்கள் சொல்லக்கூடியது இதுதான்: பகலிலாவது யன்னலைத் திறந்து வையுங்கள், வெயில் உள்ளே வரட்டும். இருமுகிறவர் வாயை மூடி இருமட்டும். மருந்து தொடங்கிய முதல் சில கிழமைக்கு முடிந்தால் அவர் இஸ்தோப்புப் பக்கம் படுக்கட்டும்.

பிறந்தவுடன் பிள்ளைக்குக் கையில் போடுகிற பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளுக்கு வருகிற கடுமையான டி.பி.யிலிருந்து காப்பாற்றும். ஆனால் பெரியவனான பிறகும் டி.பி. வராது என்று அதை நம்பி இருக்க முடியாது.

அடையாளம் சுலபம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல். சாயந்தரக் காய்ச்சல். இராத்திரியில் வியர்வை. சாப்பாடு பிடிக்காமல் எடை குறைவது. சளியில் இரத்தம். மழையிலயும் பனியிலயும் மலைக்குப் போற நமக்கு இருமல் புதுசா என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு கிழமைதான் கணக்கு. இருமலுக்குக் கடையில் பாணி மருந்து வாங்கிக் குடித்து மூன்று மாதம் போன பிறகு வருகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

எச்.ஐ.வி. பற்றி ஏன் சேர்த்துப் பேசுறோம்?

டி.பி. கிளினிக்கில் இரத்தமும் எடுக்கிறார்கள். "இருமலுக்கு வந்தா எதுக்குங்க ரத்தம்? எங்களை என்னான்னு நினைச்சீங்க?" என்று ஒரு ஐயா எங்களிடம் கோபித்துக்கொண்டார். நியாயமான கேள்விதான்.

உங்களைச் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை. டி.பி. உள்ள எல்லோரிடமும் கேட்டு எடுக்கிறார்கள். எச்.ஐ.வி. கிருமி உடம்பின் காவல்காரரை அழிக்கிறது. காவல் இல்லாத வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டி.பி. கிருமி எழும்புகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களை உலகத்தில் அதிகம் கொல்வது டி.பி.தான். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடி 8 இலட்சம் பேருக்கு டி.பி. வந்தது. 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதில் 1 இலட்சத்து 61 ஆயிரம் பேர் எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்தவர்கள். ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது.

நமது நாட்டில் எச்.ஐ.வி. குறைவு. 1987இல்தான் முதன்முதலாக இலங்கையர் ஒருவருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. அது மூன்று வழியில் பரவும்: பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமி உள்ள இரத்தமும் ஊசியும், தாயிடமிருந்து பிள்ளைக்கு. கொசு கடித்தால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. பிள்ளையைத் தூக்கினால் வராது.

நமது பிள்ளைகள் இப்போது கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகிறார்கள். கடையில், வீட்டில், கட்டிட வேலையில் இருக்கிறார்கள். "கொழும்புக்குப் போனதால்தான் கெட்டுப் போச்சு" என்று பேச வேண்டாம். அப்படிப் பேசினால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து வாய் திறக்காது. ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள் என்று அக்கா மாதிரி, அண்ணன் மாதிரி சொல்லுங்கள். அரசாங்க பாலியல் நோய் கிளினிக்கில் இலவசம், இரகசியம்.

எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற காலம் போய்விட்டது. தினமும் குளிசை எடுத்தால் வேலை செய்து, பிள்ளை வளர்த்து, வயதாகும் வரை வாழலாம். ஒழுங்காக மருந்து எடுத்து இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. டி.பி.யும் எச்.ஐ.வி.யும் இரண்டும் இருந்தால், முதலில் டி.பி. மருந்தைத் தொடங்கி, பிறகு எச்.ஐ.வி. மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டு கிளினிக்கும் பேசிக்கொண்டு செய்கிற வேலை அது.

வீட்டு வாசலுக்கு வந்த சேவை

இப்போது ஒரு நல்ல செய்தி. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், இலங்கையில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவது ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உறுதிப்படுத்தியது. நம்மைவிடப் பணக்கார நாடுகள் பலவற்றுக்கு இன்னும் கிடைக்காத பேர்.

இது எப்படி நடந்தது? பெரிய இயந்திரத்தால் நடக்கவில்லை. மருத்துவிச்சி அம்மாவால் நடந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் வருகிறார், புத்தகத்தில் பதிகிறார், கர்ப்பிணி கிளினிக்குக்கு வரச் சொல்கிறார், வராவிட்டால் தேடி வருகிறார். கிளினிக்கில் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே மாதிரி இரத்தம் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் எடுப்பதால் யாருக்கும் வெட்கமில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாமார் எத்தனையோ பேர் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள். அந்தப் பேர் நாட்டுக்குக் கிடைத்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இன்னுமொரு கதை, கடலுக்கு அந்தப் பக்கம். 1950களில் டி.பி. என்றால் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு வருடம், இரண்டு வருடம் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடும் ஓய்வும் வேண்டும் என்பார்கள். ஏழைக்கு அது எங்கே கிடைக்கும்? 1956இல் மதராஸில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 193 நோயாளரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரை ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்தார்கள். மறு பாதியினருக்கு அவரவர் வீட்டிலேயே கொடுத்தார்கள். நெருக்கமான, காற்றில்லாத வீடுகள், சாப்பாடும் குறைவு. அநேகமாக நம்முடைய லயம் மாதிரித்தான். 1959இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் சுகமானார்கள். வீட்டிலிருந்து மருந்து எடுத்தவர்களுடைய குடும்பத்துக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. ஏனென்றால், மருந்து தொடங்கிச் சில கிழமைக்குள் பரவுகிற சக்தி குறைந்துவிடுகிறது. குடும்பத்துக்குத் தொற்றியது மருந்து தொடங்குவதற்கு முன்னால்தான்.

அந்த ஏழைச் சனங்கள் உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. ஆளை லயத்தை விட்டு விரட்ட வேண்டியதில்லை. மருந்தை லயத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

எங்கே ஓட்டை இருக்கு?

நமது நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் மார்பு நோய் கிளினிக் இருக்கிறது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் இலவசம். சளியைப் போட்டால் சில மணித்தியாலத்தில் கிருமியைக் கண்டுபிடித்து, மருந்துக்கு அடங்காத வகையா என்றும் சொல்கிற இயந்திரங்களும் வந்திருக்கின்றன. அப்படியிருந்தும் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் அண்மைய வருடங்களில் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் அளவில்தான். உலக சுகாதார நிறுவனம் கணக்குப் போட்டதோ ஏறக்குறைய 14,000. மீதி ஆயிரக்கணக்கான பேர் எங்கோ ஒரு காம்பராவில் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

கொரோனா வந்த 2020ஆம் ஆண்டில் உலகத்தில் டி.பி. கண்டுபிடிக்கப்பட்டவர்கள் தொகை 71 இலட்சத்திலிருந்து 58 இலட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை. கிளினிக்குக்கு வர முடியவில்லை. 2022இல் நமது நாட்டில் எண்ணெய் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மருந்து அலுமாரியில் இருந்து என்ன பயன், அதை எடுக்கப் போக வழியில்லாவிட்டால்?

வெளிநாட்டுப் பணமும் நிச்சயமில்லை. டி.பி., எச்.ஐ.வி., மலேரியா மூன்றுக்கும் என்று 2002இல் ஒரு உலக நிதியம் தொடங்கி, இலங்கைக்கும் உதவி வந்தது. 2025இல் பணக்கார நாடுகள் சில தங்கள் உதவியைப் பெரிதாக வெட்டிவிட்டன. ஆகவே அதிகப் பணம் தேவைப்படாத ஓட்டைகளையாவது நாமே அடைக்க வேண்டும்.

நாங்கள் பார்த்தவரைக்கும் ஓட்டை நான்கு.

முதலாவது, கிளினிக் நாள். மருந்து இலவசம், ஆனால் அந்த நாள் இலவசமில்லை. விடிய எழும்பி, டவுனுக்கு பஸ் பிடித்து, வரிசையில் நின்று, திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். அன்றைய பேர் போய்விடும். பஸ் காசு போய்விடும். துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு பேர் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் பார்த்ததில், டி.பி. வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, தங்கள் வருட வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கின்றன, மருந்து இலவசமாகக் கிடைத்தும்கூட.

இரண்டாவது, ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த குளிசை, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து சேர்ந்தது. நிறைக்குத் தக்கபடி எத்தனை என்று சொல்வார்கள். ஒரு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அப்போதுதான் ஆட்கள் நிறுத்துகிறார்கள். கிருமி இன்னும் சாகவில்லை. பாதியில் விட்டால் அது மருந்துக்குப் பழகிப் பலமாகத் திரும்பி வரும். அதற்கு வேறு மருந்து, கூடுதல் கஷ்டம்.

மூன்றாவது, பயம். குளிசை எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானால், தொடர்ந்து வாந்தி வந்தால், பார்வை மங்கினால், உடம்பில் தடிப்பு வந்தால், அன்றைக்கே காட்டுங்கள். கால் விறைத்தாலும் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது. கசிப்பும் இந்தக் குளிசையும் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். இன்னொன்று, குடும்பத் திட்டக் குளிசை எடுக்கிற அம்மாமார், டி.பி. மருந்து தொடங்கினால் மருத்துவிச்சியிடம் கட்டாயம் சொல்லுங்கள். டி.பி. மருந்து அந்தக் குளிசையின் பலத்தைக் குறைத்துவிடும். பால் கொடுக்கிற தாய் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

நான்காவது, நம்முடைய வாய். அதைப் பற்றி இனிச் சொல்லத் தேவையில்லை. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டோம்.

என்ன செய்யலாம்?

எங்கள் பக்கத்தில் நாங்கள் மாற்றியவை இவை. எந்த நோயாளியின் பேரையும் பிரட்டுக்களத்தில் சொல்வதில்லை. கிளினிக் போகிறவருக்கு ஒரு துண்டு. அதில் "வைத்தியத் தவணை" என்று மட்டும் இருக்கும், என்ன நோய் என்று இருக்காது. பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவருக்கும் அதே துண்டுதான். சளிப் போத்தல் தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கிறது. காலையில் எழும்பியவுடன், வெளியில் காற்றோட்டமான இடத்தில் நின்று, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளியைப் போட்டு, இறுக்கி மூடிக் கொடுங்கள். எச்சில் போதாது. போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. ஒரு போத்தலுக்காக நீங்கள் ஒரு நாளை இழக்கத் தேவையில்லை. யாராவது வேறு ஊருக்குப் போனால், அந்த ஊர்க் கிளினிக்குக்கு அன்றைக்கே அறிவிக்கிறோம். போகுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

துரைமாரிடமும் தலைவர்மாரிடமும் நாங்கள் கேட்பது: டி.பி. நோயாளி ஆறு மாதத்தில் சில நாட்கள்தான் கிளினிக் போக வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்கு வேலை போகாமல், சம்பளம் வெட்டாமல் ஒரு ஒழுங்கு செய்யுங்கள். ஒரு ஆள் சுகமாக வேலைக்குத் திரும்புவதும், அவரால் இன்னும் நான்கு பேருக்குத் தொற்றாமல் இருப்பதும் தோட்டத்துக்கும் இலாபம்தான். சம்பளப் பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவர்மாருக்குத் தாழ்மையாகச் சொல்கிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். நமது தோட்டங்களில் மரண சகாய சங்கம் இருக்கிறது. ஒரு ஆள் போய்விட்டால் எல்லோரும் வேலையை விட்டு வருகிறோம், காசு சேர்க்கிறோம், பெட்டி வாங்குகிறோம், மூன்று நாள் சோறு போடுகிறோம். அது நல்ல பழக்கம். நம்மை விட்டால் நமக்கு யார் என்று முன்னோர் ஏற்படுத்தியது. அதே சங்கம், உயிரோடு இருந்து இருமுகிறவர் கிளினிக் போய் வர பஸ் காசு கொடுத்தால் என்ன? பேர் எழுதாமல், செயலாளருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஒரு தோட்டத்தில் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் நோயாளி தன்னை யாரோ நினைக்கிறார்கள் என்று குளிசையை விடாமல் எடுக்கிறார்.

குளிசை எடுப்பதைப் பார்க்க ஒரு துணை ஆள் வேண்டும். டிஸ்பென்சரியிலோ, பிள்ளைக் காம்பராவிலோ, பக்கத்துக் காம்பரா அக்காவோ, நோயாளி நம்புகிற யாராக இருந்தாலும் சரி. காவல்காரர் மாதிரி நிற்க வேண்டாம். "குளிசை எடுத்தாச்சா தங்கச்சி?" என்று கேட்டு, பார்த்து, அட்டையில் ஒரு கோடு போட்டால் போதும்.

வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால் மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள். நோய் இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் டி.பி. வராமல் தடுக்க மருந்து உண்டு. அந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு அது முன்னமே கிடைத்திருந்தால் கழுத்தில் கட்டி வந்திருக்காது. காசநோயாளருக்கு சமூக சேவைத் திணைக்களத்தினூடாக உதவிப்பணம் கிடைக்கக்கூடும். உங்களுக்குத் தகுதி உண்டா என்று கிளினிக்கிலும் கிராம அலுவலரிடமும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

முடிவாக

அந்தத் தங்கச்சியின் கதை பாக்கி. வைத்தியசாலையில் சேர்த்து, சளியை அந்த இயந்திரத்தில் பார்த்ததில், நல்லவேளை, கிருமி மருந்துக்கு அடங்குகிற வகைதான். முதலிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். தாயும் பிள்ளையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து குளிசை எடுத்தார்கள். அந்த அம்மா, எங்களை வாசலோடு அனுப்பினவர், அவர்தான் துணை ஆள். ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் கோடு போட்டு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பேரும் சுகம். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தங்கச்சி திரும்ப வேலைக்கு வந்தார். ஆனால் சுவாசப் பையில் ஒரு பக்கம் கெட்டுப் போனது போனதுதான். ஏற்றத்தில் கூடை தூக்கினால் மூச்சு வாங்குகிறது. நாலு மாதம் முந்தி இருந்தால் அது இருந்திருக்காது.

பேசப் போகிறோம், உங்கள் கதையைச் சொல்லலாமா என்று கேட்டபோது அவர் சொன்னார்: "சொல்லுங்க. ஆனா என் பேரைச் சொல்லாதீங்க. இன்னும் அந்தப் பீலியடிக்குத்தான் நான் போறேன்."

அவர் தன் பேரைப் பயமில்லாமல் சொல்கிற நாள் இந்தத் தோட்டங்களில் வர வேண்டும். அது வரைக்கும் அவருடைய பேர் எங்களோடு இருக்கும்.

கூட்டம் முடிந்து நாங்கள் இங்கேயே ஒரு மணித்தியாலம் இருப்போம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் உள்ளவர்கள், வீட்டில் அப்படி யாராவது இருக்கிறவர்கள், பின்பக்கத்து அறைக்கு வாருங்கள். சளிப் போத்தல் அங்கே இருக்கிறது. பிரஷர் பார்க்கிறதும் அங்கேதான், ஆகவே யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.